தள்ளுபடியான வழக்கும் விசா விண்ணப்பமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோபி, தாராபுரம் பக்கங்களில் வரப்புத் தகராறோ வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையோ காவல் நிலையம் வரை போய், சில ஆண்டுகளில் இரு தரப்பும் ராஜியாகி வழக்கு முடிந்துபோவது புதிதல்ல. அப்படி விடுபட்டவர் பின்னாளில் அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் மகளைப் பார்க்கப் புறப்படும்போது, ‘கேஸ்தான் தள்ளுபடியாகிவிட்டதே’ என்று எண்ணிக் குற்றப் பின்னணி குறித்த கேள்விக்கு ‘இல்லை’ என்று நிரப்புவதே பெரிய தவறு.

அமெரிக்காவின் டிஎஸ்-160 என்னும் விசா விண்ணப்பப் படிவம் தண்டனையை மட்டும் கேட்பதில்லை. எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா என்றும் கேட்கிறது, பின்னர் மன்னிப்புக் கிடைத்திருந்தாலும் சொல்லச் சொல்கிறது. கனடாவின் படிவமோ கைதோடு, எந்த நாட்டிலாவது குற்றம் சாட்டப்பட்டதையும் சேர்த்துக் கேட்கிறது. எனவே, கைதாகாமலே குற்றப்பத்திரிகையைச் சந்தித்து விடுதலையான ஒருவர் இரு நாடுகளுக்கும் ஒரே பதிலை எழுத முடியாமல் போகலாம். நம் ஊரில் சிறைக்குப் போனால்தான் கைது என்ற நினைப்பு வேரூன்றியிருக்கிறது; ஸ்டேஷன் பெயிலில் அன்றைக்கே வீடு திரும்பியவரும் கைது செய்யப்பட்டு விடுவிக்கப்பட்டவரே.

சிறு அடிதடி வழக்கில் விடுதலையானதற்காக மட்டும் விசா மறுக்கப்படுவது அரிது. மறைத்தது தெரியவந்தால் நிலைமை வேறு: முக்கியமான உண்மையை வேண்டுமென்றே மறைத்ததாக முடிவானால், அமெரிக்காவில் அது வாழ்நாள் தகுதியின்மை, விலக்கு பெற்றால்தான் நுழையலாம், கனடாவில் 5 ஆண்டுத் தடை. ‘இல்லைன்னே போட்டுக்கலாங்க’ என்று சொல்லும் ஏஜென்ட், தடை வந்தால் அதைச் சுமக்கப்போவதில்லை. போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ் சுத்தமாக வந்துவிட்டதும் படிவத்தின் கேள்விக்கு விடையாகாது.

அடுத்தது, தீர்ப்பு நகலை வாங்காமல் விடுவது. குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் விடுதலையானாலும், உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தாலும், உடனே நகல் மனு போட்டுச் சான்றிட்ட நகலை வாங்கி, தமிழில் உள்ளதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். ‘முடிந்துவிட்டது’ என்று வக்கீல் வாய்மொழியாகச் சொன்னதைத் தூதரகத்தில் காட்ட முடியாது. காவல் துறையே மேல்நடவடிக்கையைக் கைவிட்ட வழக்கிலும் அதற்கான ஆவணம் வேண்டும். நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டுக்கே அந்த நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்படும்.

அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கடையில் பொருள் எடுத்ததாக வழக்கு வந்து, குற்றத்தை ஒப்புக்கொண்டு, நிபந்தனைகளை முடித்த பின் மாநில நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தாலும், கூட்டாட்சிக் குடியேற்றச் சட்டம் அதைத் தண்டனையாகவே கொள்ளக்கூடும். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகக் கைதானாலே, தீர்ப்புக்கு முன்பே விசா ரத்தாகலாம். ஆதலால் ஒப்புக்கொள்ளும் முன்பே, குற்றவியல் வக்கீலோடு குடியேற்றச் சட்ட வக்கீலையும் கேட்டாக வேண்டும்.

முந்தைய விண்ணப்பத்தில் ஏற்கெனவே ‘இல்லை’ என்று எழுதியிருந்தால், அதற்குப் பொருந்த மறுபடி ‘இல்லை’ என்று எழுதாமல், புதிய படிவத்தை அனுப்பும் முன் பழையதைக் கையோடு எடுத்துப்போய் வக்கீலிடம் காட்டுங்கள்.