திருகோணமலைக்குப் போகிறீர்களா? சீனியை விட்டவர்களுக்குச் சில விஷயங்கள்

லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருந்துகொண்டு சீனியை விடுவது அவ்வளவு கஷ்டமில்லை, வீட்டில் வாங்கி வைக்காவிட்டால் பாதி வேலை முடிந்தது. திருகோணமலையில் அந்தக் கணக்கு சரிவராது. அங்கே சீனியை நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை, மாமியே கோப்பையில் கரைத்துக் கொண்டுவந்து கையில் தருவார். காலையில் உவர்மலையில் ஒரு வீடு, பத்து மணிக்கு அன்புவழிபுரம், மத்தியானம் பாலையூற்று, பின்னேரம் சாம்பல்தீவு என்று சுற்றினால் நான்கு வீட்டிலும் நான்கு தேத்தண்ணி. ஒரு தேக்கரண்டி சீனி ஏறக்குறைய 4 கிராம், விருந்தாளிக்கு மூன்று கரண்டிக்குக் குறைய யாரும் போடமாட்டார்கள், ஆக ஒரு நாளில் 48 கிராம், அதுவும் பிஸ்கற்றைத் தொடாமலே. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னபடி வளர்ந்த ஒருவருக்கு, சேர்த்த சீனி, தேன், பாணி, பழச்சாறு எல்லாம் கூட்டி ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது, 50ஐத் தாண்டவே கூடாது.

அதனால் முதல் வேலை விமானம் ஏறுவதற்கு முன்பே தொடங்குகிறது. போய் இறங்கப்போகும் வீட்டுக்குப் போன் எடுத்து, குசினியில் நிற்பவர் யாரோ அவரிடமே நேராகச் சொல்லுங்கள். வீட்டுப் பெரியவரிடம் சொன்னால் அது குசினிக்குப் போய்ச் சேராது. சொல்லும்போது "டயற்" என்ற சொல்லை எடுக்காதீர்கள். "மெலிஞ்சுதானே போயிருக்கிறாய், பிறகென்ன டயற்?" என்று அதற்கு மறுமொழி தயாராக இருக்கும். "மாமி, நான் இப்ப சீனி எடுக்கிறதில்லை, எனக்கு இஞ்சி தட்டிப்போட்ட வெறும் பிளேன்ரீ தந்தால் போதும்" என்று கேளுங்கள். கேட்பதுதான் முக்கியம், வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்காதீர்கள். வந்தவருக்கு ஏதாவது கொடுத்து அனுப்பாவிட்டால் அந்த வீட்டுக்காரருக்கு மனம் ஆறாது, அதனால் அவர் கொடுக்கக்கூடிய ஒன்றை நீங்களே சொல்லிவிடுங்கள்: மல்லித்தண்ணி, உப்புப் போட்ட மோர், அவித்த கச்சான், ஒரு கதலிப்பழம், எதுவானாலும் சரி.

"ஏன் பிள்ளை, சீனி வருத்தமோ?" என்று நிச்சயம் கேட்பார்கள். இருந்தால் ஓம் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் "இல்லை, வராமல் பார்க்கிறன்" என்று உண்மையையே சொல்லுங்கள். பொய்யாக ஒரு வருத்தத்தைச் சொன்னால் அது பின்னேரத்துக்குள் சொந்தக்காரர் எல்லாருக்கும் போய்விடும், பிறகு மூன்று கிழமையும் அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொன்றும் கவனித்துப் பாருங்கள். இலங்கையில் வளர்ந்தவர்களில் பத்தில் ஒருவருக்கும் மேல் சலரோகம் இருக்கிறது, நீங்கள் போகும் வீட்டிலும் ஒரு பெரியப்பாவுக்கோ சித்திக்கோ இருக்கும். வந்தவர்களோடு சேர்ந்து குடிக்கிறோம் என்று அவர்களும் அன்று சீனித் தேத்தண்ணி குடிப்பார்கள். நீங்கள் சீனியில்லாமல் கேட்டால் அவரும் தயங்காமல் அதையே கேட்பார்.

மறுக்கும்போது மரியாதை வேண்டும், அதற்குக் காரணமும் இருக்கிறது. இந்த மாவட்டத்தில் கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலை 1993இல் மூடப்பட்டுவிட்டது, நாட்டுக்குத் தேவையான சீனியில் பெரும்பகுதி கப்பலில்தான் வருகிறது. 2022 நெருக்கடியில் சீனி விலை ஏறியபோது எத்தனையோ வீடுகளில் தங்களுக்கு ஒரு கரண்டி குறைத்து, வருகிறவர்களுக்கு எடுத்து வைத்தார்கள். அப்படிப்பட்ட கையிடம் "சீனி நஞ்சு" என்று விரிவுரை நடத்தாதீர்கள், தயவுசெய்து.

இனி சாப்பாடு. இதில் நான் சொல்ல வருவது ஒன்றுதான்: அவர்கள் உங்களுக்கென்று சமைப்பதை விட, தங்களுக்கென்று சமைப்பதைக் கேளுங்கள். விருந்தாளிக்கு என்றால் கோழிப் பிரியாணி, ஃபிரைட் ரைஸ், கட்லட், ஐஸ்கிறீம், இரண்டு லீற்றர் சோடாப் போத்தல். நீங்கள் வராத நாளில் அதே வீட்டில் சிவப்பரிசிச் சோறு, சூடை மீன் குழம்பு, முருங்கையிலை வறை, கத்தரிக்காய்ப் பால்கறி, ஒரு துண்டுக் கருவாட்டுப் பொரியல். உடம்புக்கு எது நல்லது என்று நான் சொல்லத் தேவையில்லை, ருசியிலும் இரண்டாவதுதான் மேல். "நீங்கள் வழமையாச் சாப்பிடுறதையே எனக்கும் தாங்கோ, அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தனான்" என்று சொல்லிப் பாருங்கள், முதல் நாள் நம்பமாட்டார்கள், இரண்டாம் நாளும் கேட்டால் முகம் மலரும்.

திருகோணமலைக்குப் போய் மீன் சாப்பிடாமல் வருவது பெரிய நட்டம். கரைவலை இழுக்கும் காலத்தில் விடிய எழும்பி நிலாவெளிப் பக்கமோ உப்புவெளிப் பக்கமோ கரையில் போய் நின்றால் வலையில் வருவதைக் கண்ணால் பார்த்தே வாங்கலாம். சூடையும் கீரியும் மலிவு, விளைமீனும் பாரையும் குழம்புக்கு, அறக்குளா பொரிக்க, சுறா என்றால் வறை. கணவாயையும் நண்டையும் வீட்டில் சமைத்தால் நல்லது. கடற்கரை ஹோட்டல்களில் "டெவல்" என்று வரும் கணவாயும் இறாலும் தக்காளி சோஸிலும் சீனியிலும் புரட்டி எடுத்தவை, இனிப்பு என்றே தெரியாமல் உள்ளே போய்விடும். கேட்டால் மிளகும் உப்பும் தேசிக்காய்ப் புளியும் போட்டுச் சுட்டுத் தருவார்கள். அதேமாதிரி சீனிச் சம்பலிலும் கவனம், உறைப்பு முன்னுக்கு நிற்பதால் அதிலுள்ள சீனியை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை. பாணோடு தேங்காய்ச் சம்பலோ கட்டாச் சம்பலோ கேளுங்கள்.

கீரைக்குச் சந்தைக்குக் காலையிலேயே போக வேண்டும். வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை எல்லாம் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். வல்லாரையைப் பச்சையாக அரிந்து தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய் சேர்த்த சம்பல் ஒரு கோப்பை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் கை தானாகக் குறையும். சிவப்பரிசி என்றாலும் சோறு சோறுதான், தட்டில் மலை மாதிரிக் குவித்தால் நிறம் உங்களைக் காப்பாற்றாது. கடையில் சோற்றுப் பார்சல் எடுத்தால் இரண்டு பேருக்குத் தாராளம், "சோறு குறைச்சு, மரக்கறி கூட்டி" என்று முதலே சொல்லிவிடுங்கள்.

இடியப்பம், பிட்டு என்று கேட்டவுடன் ஊர்ச் சாப்பாடு, பயமில்லை என்று நினைத்துவிட வேண்டாம். வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் அவித்த கோதுமை மா. சீனக்குடாவில் பெரிய மா ஆலை நாற்பது வருடத்துக்கும் மேலாக ஓடுகிறது, ஊர்ச் சமையலில் கோதுமை மா ஆழமாகக் கலந்துவிட்டது: பாண், ரொட்டி, கொத்து, பிட்டு எல்லாவற்றிலும். சிவப்பரிசி மா இடியப்பமும் குரக்கன் பிட்டும் முதல்நாளே சொல்லிவைத்தால் கிடைக்கும். காலையில் அவித்த கௌபியோ கடலையோ தேங்காய்ச் சொட்டோடு சாப்பிட்டால் மத்தியானம் வரை பசி எட்டிப்பார்க்காது, எனக்குப் பிடித்த காலைச் சாப்பாடு அதுதான். பின்னேரம் பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வரும் பாண் ஓட்டோவுக்குப் பணிஸ் வாங்கப் பிள்ளைகள் ஓடும்போது நீங்கள் கையில் கச்சான் சரையோடு இருங்கள்.

தயிர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பக்கத்து எருமைத் தயிர், மண்சட்டியில் கட்டியாக, மேலே ஆடை படர்ந்து வரும். அதில் சேர்த்த சீனி இல்லை, அது வருவது மேலே ஊற்றும் பாணியில் இருந்து. "கித்துள் பாணி இயற்கையானது, பனங்கட்டி மருந்து" என்று நல்ல மனதோடு சொல்வார்கள். நம்பிவிடாதீர்கள், இரண்டும் பெரும்பாலும் சீனியேதான், இரத்தத்தில் போய்ச் செய்யும் வேலையும் அதே வேலைதான். தயிரைச் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்போடு சாப்பிடுங்கள், அல்லது நறுக்கிய பப்பாசியோடு. கொழுப்பு கூடிய தயிர் என்பதால் ஒரு சின்னக் கோப்பை போதும்.

வழிப் பயணத்திலும் கொஞ்சம் யோசனை வேண்டும். கட்டுநாயக்காவில் இறங்கி வானில் ஏறினால் ஆறு மணித்தியாலமளவு, நித்திரையும் இல்லாமல் நேரமும் மாறிப்போன உடம்பு இனிப்பைத்தான் கேட்கும், அந்த முதல் இரண்டு நாள்தான் ஆகக் கஷ்டம். கைப்பையில் உப்பில்லாத பாதாம், அவித்த முட்டை என்று ஏதாவது வைத்திருங்கள். ஹபரணைப் பக்கம் தெருவோரத்தில் சுடச்சுட அவித்த சோளன் விற்பார்கள், பிஸ்கற்றுக்கு அது எவ்வளவோ மேல். கடைகளில் மெஷினில் வரும் ரீயும் கோப்பியும் சீனி முன்பே கலந்தவை, அதில் குறைக்க வழியில்லை. அடித்து ஆற்றிய தேத்தண்ணி என்றால் போடுவதற்கு முன்பு சொல்ல வேண்டும், டின்பாலில் போடுகிறார்களா என்றும் கேளுங்கள், டின்பாலில் பாதிக்குக் கிட்டச் சீனி.

குளிர்பானப் போத்தலில் நிற வட்டம் ஒன்று இருக்கும். 2016இல் வந்த விதி அது, அப்போது வகுத்தபடி 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழ் என்றால் பச்சை, நடுவில் மஞ்சள். மஞ்சளைப் பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம்: 100 மில்லிக்கு 10 கிராம் உள்ள மஞ்சள் போத்தல் 400 மில்லி குடித்தால் 40 கிராம் உள்ளே போயிருக்கும். வெயிலுக்குத் தண்ணீர்தான், கூடவே நாளுக்கு ஒரு இளநீர். இளநீரிலும் இயற்கைச் சீனி உண்டு, பொட்டாசியமும் அதிகம், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

கோயில் பிரசாதத்தைப் பலர் கேட்கிறார்கள். கோணேசர் கோயிலில் சர்க்கரைப் பொங்கல் கையில் வந்தால் கண்ணில் ஒற்றி ஒரு விரல் நுனியளவு வாயில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. கோட்டை வாசலில் இருந்து மேலே நடந்தே போங்கள், விடியப் போனால் வெயிலும் இல்லை, அன்றைய நடையும் முடிந்துவிடும். வழியில் நிற்கும் மான்களுக்குப் பிஸ்கற் போடாதீர்கள், அதுகளுக்கும் சீனி கூடாது.

கல்யாண வீடு, சாமத்திய வீடு, பெருநாள் நேரத்தில் கிண்ணியாவில் நண்பர் வீட்டு வட்டிலப்பம், இதெல்லாம் வரும். தேத்தண்ணியிலும் சோடாவிலும் கண்டிப்பாக இருப்பவர்களுக்கு இங்கே ஒரு இடம் விடலாம் என்பது என் அபிப்பிராயம். அம்மம்மா தன் கையால் பயத்தம் பணியாரம் சுட்டு உங்களுக்கென்று டின்னில் போட்டு வைத்திருந்தால், இருந்து, அவர் முன்னால், ஒன்றை ஆறுதலாகச் சாப்பிடுங்கள். ஆனால் அதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள், "இந்தப் பயணத்தில் இது ஒன்றுதான்" என்று. கடையில் வாங்கிய கேக்குக்கும் கிறீம் பிஸ்கற்றுக்கும் அந்தச் சலுகை கிடையாது.

மருந்து எடுப்பவர்கள் கவனமாக வாசியுங்கள். இன்சுலினோ, சீனியைத் திடீரென இறக்கக்கூடிய குளிசையோ எடுப்பவர்கள் சாப்பாட்டை மாற்றுவதற்கு முன்பும், நேர வித்தியாசத்துக்கு ஏற்ப மருந்தை மாற்றுவதற்கும் டொக்டரைக் கேட்டே ஆக வேண்டும். இன்சுலினைக் கைப்பையில் கொண்டுபோங்கள், பெரிய பெட்டியில் போட்டால் உறைந்துபோகக்கூடும். திருகோணமலை வெயிலில் வானுக்குள்ளோ யன்னலோரமோ விட்டால் பழுதாகிவிடும், இரத்தம் சோதிக்கும் பட்டிகளுக்கும் சூடு ஆகாது. சட்டைப்பைக்குள் எப்போதும் குளுக்கோஸ் வில்லை இருக்கட்டும். நடுக்கம், வியர்வை, தலைச்சுற்று வந்தால் அந்த நேரம் சீனி விட்ட கதை எதுவும் இல்லை, 15 கிராம் குளுக்கோஸ் உடனே எடுத்து, 15 நிமிடத்தில் திரும்பச் சோதியுங்கள்.

கடைசியாக, நாங்கள் இங்கேயிருந்து கொண்டுபோகும் பெட்டிகள். பாதிப் பெட்டி சொக்லேற், மற்றப் பாதி மிட்டாயும் பிஸ்கற்றும். சலரோகம் உள்ள வீட்டுக்கு நாங்களே சீனியைச் சுமந்துகொண்டு போகிறோம், இதை நிறுத்த வேண்டும். உப்பில்லாத வாதுமைப் பருப்பு, பிள்ளைகளுக்கு வர்ணப் பென்சிலும் பந்தும், அத்தைக்குக் கால் நோகாத நல்ல சப்பாத்து, சித்தப்பாவுக்கு அவருடைய சோதிக்கும் கருவிக்குப் பொருந்தும் பட்டிகள் ஒரு பெட்டி (எந்தக் கருவி என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், பட்டி மாறினால் வேலை செய்யாது). திரும்பும்போதும் பலகாரப் பார்சல் கட்டத் தொடங்குவார்கள், அதற்கு ஒரு கிழமைக்கு முன்னரே "எனக்குக் குரக்கன் மாவும், வறுத்த சிவப்பரிசி மாவும், வீட்டு மிளகாய்த்தூளும் போதும்" என்று சொல்லிவையுங்கள், அரைத்து வறுத்து எடுக்க அவர்களுக்கும் நேரம் வேண்டும். போய் இறங்கும் நாட்டின் சுங்க விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள், அவுஸ்திரேலியா போகிறவர்கள் சாப்பாட்டுச் சாமான் எல்லாவற்றையும் அட்டையில் எழுதிக் காட்டிவிடுங்கள்.