மினி பன்றி வாங்கப் போகிறீர்களா? விற்பவர் சொல்லாமல் விடுவது

கழுத்தில் ரிப்பன் கட்டிய இளஞ்சிவப்புக் குட்டி ஒன்று டீ கோப்பைக்குள் உட்கார்ந்திருக்கும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மினி பன்றி விளம்பரம் என்றால் பெரும்பாலும் இந்தப் படம்தான். படத்தில் பொய் இல்லை. பிறந்து சில நாளே ஆன குட்டி அந்த அளவுதான் இருக்கும். அதே அளவில் நின்றுவிடும் என்று நம்புவதில்தான் முதல் தவறு தொடங்குகிறது.

டீகப், மைக்ரோ, நானோ என்று எந்தப் பன்றி இனமும் கிடையாது. எல்லாம் விற்பவர்கள் வைத்த பெயர். வீடுகளில் வளர்பவற்றில் பெரும்பாலானவை, 1980களில் வட அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்த வியட்நாமியத் தொந்திப் பன்றியின் வழிவந்தவை அல்லது அதன் கலப்பு. 300 கிலோவை நெருங்கும் பண்ணைப் பன்றியின் பக்கத்தில் நிறுத்தினால் அது மினிதான். ஆனால் வளர்ந்து முடிந்தபின் 45 முதல் 70 கிலோ என்பது அதற்குச் சாதாரணம். அதையும் தாண்டுபவை உண்டு. ஆய்வுக்கூடத் தேவைக்காக, சிறியதாக இருக்கவேண்டும் என்றே ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் 1960களில் உருவாக்கிய ரகம்கூட வளர்ந்தால் 40 கிலோ அளவுக்கு வரும். 2015இல் சீனாவின் மரபணு ஆய்வு நிறுவனமான பிஜிஐ, வளர்ச்சி ஹார்மோன் வேலை செய்யாதபடி மரபணுவைத் திருத்திய பன்றிகளைச் செல்லப்பிராணியாக விற்கப்போவதாக அறிவித்தது. அவற்றின் எடையே 15 கிலோ. மரபணுவில் கைவைத்தும் 15 கிலோ என்றால், கொல்லையில் குட்டி போடவைத்து விற்பவர் "அஞ்சு கிலோவுக்கு மேல போகாது" என்று சொல்வதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

"தாயையும் தகப்பனையும் நேரில் பார்த்துவிட்டுத்தான் வாங்கினோம்" என்பார்கள். பார்த்திருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் பன்றி மூன்று நான்கு மாதத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். வளர்ச்சி முடிய மூன்றிலிருந்து ஐந்து வருடம் ஆகும். காட்டிய பெற்றோரே இன்னும் வளராத குட்டிகளாக இருக்கலாம். கேட்கவேண்டியது பெற்றோரின் வயது. முந்தைய ஈற்றுக் குட்டிகள் இப்போது எப்படி இருக்கின்றன என்றும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் கிளம்பி வந்துவிடலாம்.

கனடாவின் ஒண்டாரியோவில் 2012இல் ஸ்டீவ் ஜென்கின்ஸ், டெரெக் வால்டர் இருவரும் மினி பன்றி என்று நம்பி எடுத்துவந்த எஸ்தர், உண்மையில் பண்ணைப் பன்றி. கிட்டத்தட்ட 300 கிலோவுக்கு வளர்ந்தது. அதற்காகவே அவர்கள் வீட்டை விட்டுப் பண்ணைக்குக் குடிபோனார்கள். பன்றிக்காக ஊர் மாறுகிறவர்கள் எத்தனை பேர்? மற்ற பன்றிகளெல்லாம் காப்பகத்து வாசலுக்குத்தான் வருகின்றன.

அடுத்தது தீனி. குறைவாகப் போட்டால் குட்டையாகவே இருக்கும் என்று சில விற்பனையாளர்களே சொல்லி அனுப்புகிறார்கள். இதை யோசனை என்பதைவிடக் கொடுமை என்பதே சரி. ஊட்டம் இல்லாமல் எலும்பும் உள்ளுறுப்பும் கெடும். பசித்த பன்றி குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கவும் கற்றுக்கொள்ளும், கடிக்கவும் கற்றுக்கொள்ளும். இன்னொரு கோடியில், கேட்கும்போதெல்லாம் கொடுப்பவர்கள். கொழுப்பு மடிப்பு கண்ணை மூடிப் பார்வையே மறைந்துபோன தொந்திப் பன்றிகள் உண்டு. இறைச்சிப் பண்ணைகளின் கொழுக்கவைக்கும் தீவனமும் இவற்றுக்கு ஆகாது. மினி பன்றிக்கென்றே தீவனம் கிடைக்கிறது. தண்ணீர்த் தொட்டி ஒருபோதும் காலியாகக் கூடாது. தண்ணீர் இல்லாமல் கிடந்தால் உடலில் உப்பு ஏறி மூளையைத் தாக்கும், வலிப்பு வரும். சிப்ஸ் வகையறாவைக் கண்ணிலேயே காட்டாதீர்கள்.

பிரிட்டனில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. மிச்சம் மீதியைப் பன்றிக்குப் போடுவது அங்கே சட்டப்படி குற்றம். 2001இல் நாட்டையே உலுக்கிய கோமாரி நோய், சரியாகக் காய்ச்சாத எச்சில் தீனி போட்ட ஒரு பன்றிப் பண்ணையிலிருந்து பரவியதாகவே விசாரணைகள் முடிவுக்கு வந்தன. ஒரே ஒரு பன்றி, அதுவும் செல்லப்பிராணி என்றாலும், நிலத்துக்குப் பதிவெண் வாங்கவேண்டும், மந்தை உரிமையாளராகப் பதிய வேண்டும். தெருவில் நடத்திக் கூட்டிப்போக உரிமம் வேறு. நியூயார்க் நகரில் வளர்க்கவே தடை. டொராண்டோவிலும் தடைப் பட்டியலில் பன்றி இருக்கிறது. அந்நகரின் ஸ்கார்பரோ பகுதியில் பெரிய கொல்லை உள்ள நம்மவர்களும் ஆசைப்பட முடியாது. வாடகை வீடு என்றால் சட்டத்துக்கு முன்னால் வீட்டுக்காரர் இருக்கிறார்.

நாய் மாதிரிதானே என்று நினைப்பது இன்னொரு பிழை. நாய் வேட்டையாடும் இனம், பன்றி வேட்டையாடப்படும் இனம். குட்டியைத் தூக்கினால் கழுகு கொத்திக்கொண்டு போவதுபோல் அலறும். தரையில் உட்கார்ந்து அது தானாக மடிக்கு வரக் காத்திருக்க வேண்டும். நாயையும் பன்றியையும் தனியாக ஓரிடத்தில் விட்டுப் போகாதீர்கள், எவ்வளவு சிநேகமாக இருந்தாலும் சரி. பன்றி கூட்டமாக வாழ்வது; ஒற்றைப் பன்றி உங்களையே கூட்டமாக நினைத்துக்கொண்டு, யார் பெரியவர் என்று முட்டிப் பார்க்கும். வீட்டுக்கு வரும் விருந்தாளியிடம்தான் அந்த வீரம் முதலில் வெளிப்படும்.

மண்ணைக் கிளறுவது அதன் பிறவிக்குணம். கிளற இடம் கொடுக்காவிட்டால் கம்பளத்தைக் கிளறும், தரை ஓட்டைப் பெயர்க்கும். அடித்துத் திருத்த முடியாது. வேலி போட்ட ஒரு துண்டு நிலமும், வெயிலில் படுக்கச் சேறும் நிழலும் வேண்டும். வியர்த்துத் தணியும் உடம்பல்ல அது. வெளிர்நிறப் பன்றிக்குத் தோல் வெந்துபோகும்.

ஆணைக் காயடிக்காமல் வைத்திருந்தால் நாற்றமும் முரட்டுத்தனமும் தாங்காது. பெண் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வந்து வீட்டை இரண்டாக்கும். வயதானபின் கருப்பைக் கட்டி வரும் வாய்ப்பும் அதிகம். ஆணைக் காயடிக்கவும் பெண்ணுக்குக் கருத்தடை அறுவை செய்யவும், பன்றிக்கு மயக்க மருந்து கொடுக்கத் தெரிந்த மருத்துவர் வேண்டும். நாய் பூனை பார்ப்பவர்கள் பலர் பன்றி என்றதும் கையை விரித்துவிடுவார்கள். குளம்பு வெட்டவும், ஆணின் கோரைப்பல்லைக் குறைக்கவும் அதே மருத்துவர்தான். ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அவரைத் தேடிப் பிடித்துவிட வேண்டும்.

ஆயுளையும் கணக்கில் வையுங்கள். நடிகர் ஜார்ஜ் குளூனி வளர்த்த மேக்ஸ் என்ற தொந்திப் பன்றி 18 வருடம் வாழ்ந்து 2006இல் இறந்தது. இன்று பள்ளிக்குப் போகும் பிள்ளைக்காக வாங்கினால், அந்தப் பிள்ளை படித்து வேலைக்குப் போனபிறகும் சாணம் அள்ளப்போவது பெற்றோர்தான்.

இவ்வளவுக்கும் பிறகு ஆசை மிச்சம் இருந்தால், குட்டி விற்பவரிடம் போகாமல் காப்பகத்துக்குப் போங்கள். பெரும்பாலும் அங்கே காயடித்தேதான் தருவார்கள், கடிக்கும் பழக்கம் உண்டா என்றும் சொல்லிவிடுவார்கள். ஐந்து வயதைத் தாண்டிய பன்றியாகப் பார்த்து எடுத்தால், எவ்வளவு வளருமோ என்ற கவலையும் இல்லை.