படுக்கைகளை எண்ணுங்கள்: சிறிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் தொழிற்கல்விக்குள் இறங்குமுன்

இந்தியாவில் கத்தோலிக்கக் கல்லூரிகளில் படித்துவிட்டுச் சிங்கப்பூரில் வேரூன்றிய தமிழர்களுக்குப் பழைய கல்வி நிலையத்திலிருந்து கடிதம் வருவதுண்டு. பல்கலைக்கழகமாக உயர்ந்துவிட்டோம், அடுத்து மருத்துவம், சட்டம், செவிலியம் தொடங்கப்போகிறோம், ஆலோசனைக் குழுவில் சேருங்கள், நன்கொடை தாருங்கள் என்று அதில் இருக்கும். கூடவே புதிய கட்டடத்தின் வண்ணப்படம் ஒன்றும் வரும். படத்தை ஒதுக்கிவிட்டுத் திட்ட அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். கட்டடம் ஒரு தடவைச் செலவு. பல்கலைக்கழகத்தை முடக்குவது ஆண்டுதோறும் வரும் செலவு.

மருத்துவம் என்றால் முதலில் மருத்துவமனையைப் பாருங்கள். இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிப்படி 50 எம்பிபிஎஸ் இடங்களுக்குக் குறைந்தது 220 படுக்கைகள் வேண்டும், 100 இடங்களுக்கு 420, 150 இடங்களுக்கு 605. படுக்கை போட்டிருந்தால் மட்டும் போதாது. அவற்றில் 80 விழுக்காடு நிரம்பியிருக்க வேண்டும். 220இல் 80 விழுக்காடு என்றால் 176. அத்தனை உள்நோயாளிகள் நாள்தோறும், பண்டிகை நாளிலும், அந்த ஊர் மருத்துவமனையில் இருப்பார்களா? கன்னியர் நடத்தும் 80 படுக்கை மருத்துவமனையை வைத்துக்கொண்டு ‘விரிவாக்கிக்கொள்வோம்’ என்று எழுதியிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சுற்றுவட்டாரத்தில் அரசு மருத்துவமனை இலவசமாகச் சிகிச்சை தரும்போது, புதிய தனியார் மருத்துவமனைக்கு நோயாளிகள் வந்து சேரப் பல ஆண்டுகள் ஆகும். கடந்த 24 மாதங்களின் உள்நோயாளி எண்ணிக்கையை மாதவாரியாகக் கேளுங்கள். ஆண்டுச் சராசரியை மட்டும் வாங்கினால் எந்தெந்த மாதம் வார்டு காலியாகக் கிடந்தது என்பது மறைந்துவிடும்.

நோயாளிகள் இல்லாமல் தொடங்கினால் என்ன நடக்கும் என்பது தெரிந்ததுதான். ஆய்வுக்குழு வரும் நாளில் ஆள் பிடித்துப் படுக்கையை நிரப்புவதும், வகுப்புக்கே வராத பேராசிரியர்களைப் பெயரளவில் காட்டுவதும் இந்தியாவில் பரவிய நோய். 2025இல் சிபிஐ இதன்மீது வழக்கே பதிவு செய்தது. கத்தோலிக்கப் பெயரைத் தாங்கிய நிறுவனம் அந்தச் சேற்றில் கால் வைக்கவே கூடாது. அந்த நெருக்கடி யாருடைய தீய எண்ணத்தாலும் தொடங்குவதில்லை, தொடக்கக் கணக்குத் தவறியதால்தான் வருகிறது. அதனால்தான் கணக்கை இவ்வளவு வலியுறுத்துகிறோம்.

இனி பணம். ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் ஆண்டுக்கு 60 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். திட்ட அறிக்கைகள் ஐந்தாம் ஆண்டின் 300 மாணவர்களை எடுத்துக்கொண்டு வரவைக் காட்டும். உண்மையில் முதலாண்டு 60, பிறகு 120, 180, 240 என்றுதான் ஏறும். நூலகம், மாதிரி நீதிமன்றம், முதல்வர், மூத்த பேராசிரியர்கள் எல்லாம் முதலாண்டிலேயே வேண்டும். எனவே ஒரு தாளில் ஏழு நெடுவரிசைகள் வரைந்து, ஏழு ஆண்டுகளுக்கும் வரவையும் செலவையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். பிறகு சேர்க்கையை 70 விழுக்காடாகக் குறைத்து மறுபடியும் போடச் சொல்லுங்கள்: 42, 84, 126, 168, 210. இந்த இரண்டாவது தாளிலும் ஏழாம் ஆண்டுக்குள் வரவு செலவைத் தொடவில்லை என்றால், அந்தப் பற்றாக்குறையைக் கலை, அறிவியல் துறைகள்தான் சுமக்கும். தமிழ், வரலாறு, மெய்யியல் துறைகளில் காலியாகும் பணியிடங்கள் நிரப்பப்படாமல் போவது இப்படித்தான்.

சட்டக் கல்லூரிக்கு இன்னொரு முட்டுக்கட்டையும் உண்டு. இந்திய வழக்கறிஞர் கழகம் 2025 ஆகஸ்டில் புதிய சட்டக் கல்வி மையங்களுக்கு மூன்றாண்டுத் தடை விதித்தது. அதற்குப் பிந்தைய தேதியிட்ட அறிக்கை இந்தத் தடையைக் குறிப்பிடவில்லை என்றால், எழுதியவர் வேறு எதையெல்லாம் பார்க்காமல் விட்டார் என்று தேடுங்கள்.

‘நாம் சிறுபான்மை நிறுவனம், கட்டணத்தை நாமே வைத்துக்கொள்ளலாம்’ என்ற வாதம் கட்டாயம் வரும். அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு நிறுவவும் நடத்தவும் உரிமை தருகிறது. ஆனால் மாணவரிடம் நன்கொடை வாங்கி இடம் கொடுக்க முடியாது. மருத்துவக் கட்டணத்தை மாநிலக் குழு முறைப்படுத்தும். நீட் நுழைவுத் தேர்வு சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் உறுதி செய்துவிட்டது. இதோடு ஏழை மாணவர்களுக்கான சலுகையையும் கணக்கில் ஏற்ற வேண்டும். ஐந்தில் ஒருவருக்குப் பாதிக் கட்டணம் என்றால் மொத்தக் கட்டண வரவில் 10 விழுக்காடு குறையும். அந்த 10 விழுக்காடு தாளில் இல்லையென்றால், ‘ஏழைகளுக்காக’ என்று முகப்பில் எழுதியிருப்பதற்குப் பொருளில்லை.

மற்ற நாடுகளின் அனுபவத்தையும் குழுவின் முன் வையுங்கள். அமெரிக்காவில் சீட்டன் ஹால் என்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் 1950களில் மருத்துவ, பல் மருத்துவக் கல்லூரி தொடங்கி, சுமை தாங்காமல் 1965இல் நியூ ஜெர்சி அரசிடம் விட்டுவிட்டது. அங்கேயே ஜார்ஜ்டவுன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவக் கல்லூரி 1990இல் மூடப்பட்டது, சிகாகோ லயோலாவினுடையது 1993இல். மார்க்கெட் (Marquette) பல்கலைக்கழகம் 1967இல் மருத்துவக் கல்லூரியைப் பிரித்து வெளியே அனுப்பியது. ஆனால் அதன் பல் மருத்துவக் கல்லூரி இன்றும் இயங்குகிறது, விஸ்கான்சின் மாநில அரசின் பணம் அதற்கு வருவதால். பெர்த் பக்கம் நோட்டர் டேம் ஆஸ்திரேலியா பல்கலைக்கழகம் 1989இல் சிறிதாகத் தொடங்கி, சட்டமும் செவிலியமும் நடத்திய பிறகே 2005இல் மருத்துவத்துக்கு வந்தது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி 1963இல் தொடங்கியபோது அதன் பின்னால் நின்றது ஒரு கல்லூரியோ ஒரு மறைமாவட்டமோ அல்ல, இந்திய ஆயர் பேரவை முழுவதும்.

எங்கள் கருத்தைக் கேட்டால், 100 படுக்கை மருத்துவமனை கையில் இருப்பவர்கள் செவிலியத்தில் தொடங்கட்டும். அங்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் என்பது இந்தியச் செவிலியர் குழுமத்தின் அளவுகோல். 60 பேர் ஒரே நேரத்தில் வார்டுக்குப் போனால் 180 நோயாளிகள் வேண்டும். ஆகவே பயிற்சி நேரத்தைப் பிரிப்பதோடு, இணைப்பு மருத்துவமனைகளின் ஒப்பந்தங்களைக் கையெழுத்துடன் கேளுங்கள். ‘பேச்சு நடக்கிறது’ என்பது ஒப்பந்தம் ஆகாது.

சிங்கப்பூரில் வேலை கிடைக்கும் என்று விளம்பரம் செய்தால் அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். சிங்கப்பூர் மருத்துவ மன்றம் ஏற்கும் வெளிநாட்டுக் கல்லூரிகளின் பட்டியல் 2020இல் 160இலிருந்து 103ஆகக் குறைந்தது; புதிதாகப் பிறந்த கல்லூரி அதில் இடம்பெறும் என்று எந்தப் பெற்றோரிடமும் சொல்ல முடியாது.

திருச்சபைச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். நிலம் மறைமாவட்டத்தின் அல்லது துறவற சபையின் சொத்தாக இருந்து, அதை அடகு வைத்துக் கடன் வாங்குவதாக இருந்தால், குறிப்பிட்ட தொகைக்கு மேல் திருப்பீடத்தின் (வத்திக்கானின்) அனுமதி வேண்டும். சட்ட எண்கள் 1291 முதல் 1295 வரை. வங்கி ஒப்புக்கொண்ட பிறகு இது நினைவுக்கு வந்து, மாதக்கணக்கில் வேலை நின்றுபோகும். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை, கருக்கலைப்புச் சட்டம் ஆகியவை திருச்சபைக்கு உடன்பாடில்லாதவை, ஆனால் பாடத்திட்டத்தில் உள்ளவை. எதைப் பாடமாக நடத்துவார்கள், எதைத் தம் மருத்துவமனையில் செய்யமாட்டார்கள் என்பதை ஆயரின் ஒப்புதலோடு முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து பணம் அனுப்ப முடிவெடுத்தால், சிங்கப்பூரிலிருந்து அனுப்புவதற்கு முறை இருக்கிறது. ஆலய வளாகத்தில் உண்டியல் வைத்தோ இணையத்திலோ பொதுமக்களிடம் திரட்டினால் அறக்கொடை ஆணையரின் அனுமதி வேண்டும். விலக்குப் பெறாவிட்டால் திரட்டியதில் 80 விழுக்காட்டைச் சிங்கப்பூரிலேயே செலவிட வேண்டும். இதுபோன்ற வெளிநாட்டு நன்கொடைக்கு இங்கே வருமான வரிக் கழிவு கிடையாது. இந்தியப் பக்கத்தில், சிங்கப்பூர்க் குடிமக்கள் தருவது, ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். பெறுபவருக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு காலாவதியாகாமல் இருக்க வேண்டும், பணம் புதுதில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையிலுள்ள கணக்கில்தான் இறங்க வேண்டும். பெற்ற அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்கு மாற்ற முடியாது என்று 2020 திருத்தம் சொல்கிறது. மறைமாவட்டச் சங்கத்தின் பெயரில் அனுப்பிவிட்டு, பல்கலைக்கழகத்தை நடத்தும் அறக்கட்டளை வேறு என்று பின்னால் தெரிந்தால் பணம் அங்கேயே சிக்கிக்கொள்ளும். பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரையும் பல்கலைக்கழகத்தை நடத்தும் அமைப்பின் பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

மொத்தமாகவும் அனுப்பாதீர்கள். முதல் தவணையை மருத்துவமனையின் வார்டுகளுக்கும் கருவிகளுக்கும் கொடுங்கள், அடுத்ததை மருத்துவ ஆணையத்தின் அனுமதிக் கடிதம் வந்த பிறகு. நன்கொடையை எந்த நோக்கத்துக்குத் தந்தீர்களோ அதற்கே செலவிட வேண்டும் என்பதால், இரண்டாண்டுகளில் அனுமதி வராவிட்டால் தொகை இப்போதுள்ள மாணவர்களின் உதவித்தொகைக்குப் போகும் என்ற வரியை முதல் கடிதத்திலேயே சேர்த்துவிடுங்கள்.