கைக்குழந்தையோட தனியா மாட்டிக்கிட்டவங்க பண்ற தப்புங்க (எல்லாம் நானும் பண்ணதுதான்)

எங்க தெருவுல ராத்திரி 11 மணிக்கும் ஆள் நடமாட்டம் இருக்கும். டி.எச். ரோட்ல கன்டெய்னர் லாரி ஓடிக்கிட்டே இருக்கும், எதிர்வீட்டு ஆயா வாசப்படியில உக்காந்து வெத்தல போடும், பசங்க லைட்ட போட்டுக்கிட்டு கேரம் ஆடுவானுங்க. இவ்ளோ ஜனம் இருக்கற தண்டையார்பேட்டைல கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு பேச ஆளில்லாம உக்காந்துருந்தேன்னு சொன்னா யாரு நம்புவாங்க, ஆனா நாலு மாசம் அப்படித்தான் இருந்தேன், அதுல பாதி என் தப்புதான்.

அம்மா வீட்ல இருக்கறவரைக்கும் ஒண்ணும் தெரியாதுங்க. குளிப்பாட்ட அம்மா, பூண்டுக்குழம்பு வைக்க அம்மா, காசிமேட்டுக்குப் போயி பால் சுறா வாங்கியாற அப்பா. குழந்தைக்கு அஞ்சாம் மாசம் இங்க வந்து இறங்கினதும் வீட்டுக்காரருக்கு ஹார்பர்ல ஷிஃப்ட், மாமியாரும் வேலைக்குப் போறவங்க, பகல் பூரா நான், குழந்தை, சுவத்துல ஒரு பல்லி. துணை வேணும்னு அப்பதான் தேட ஆரம்பிச்சேன், தேடறதுக்கு அத விட மோசமான நேரம் கிடையாது, ஏன்னா தூக்கமே இல்லாம ஒரு ஹலோ சொல்லக்கூட தெம்பு இருக்காது. வயித்துல இருக்கும்போதே தேடிருக்கணும், ஏழு மாச கர்ப்பத்துல செக்கப்புக்கு வரிசையில உக்காந்தேனே, பிரசவ வார்டுல பக்கத்து பெட்ல ஒரு பொண்ணு மூணு நாள் இருந்துச்சே, அதுக்கும் அதே நாள்ல பொறந்த குழந்த, வீடு கொருக்குப்பேட்டைன்னு வேற சொல்லுச்சு, நம்பர் வாங்கணும்னு தோணவே இல்ல. டிஸ்சார்ஜ் அன்னிக்கு கையசைச்சுட்டு வந்துட்டேன், இன்னிக்கு நெனச்சாலும் வயிறு எரியுது.

இதவிட பெரிய தப்பு புதன்கிழமைங்கள வீணடிச்சது. புதன்கிழமை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துல குழந்தைக்கு தடுப்பூசி போட்டுட்டு அரை மணி நேரம் அங்கயே உக்காருங்கன்னு சொல்லுவாங்க, குழந்தைக்கு ஏதும் அலர்ஜி ஆவுதான்னு பாக்கறதுக்கு. அந்த அரை மணி நேரம் ஒரே வயசு குழந்தைய வெச்சிருக்கற பத்து அம்மாங்க ஒரே பெஞ்சுல, ஓட முடியாது, வேற வேலையும் கிடையாது, இப்படி ஒரு சான்ஸ் எங்கயும் கிடைக்காது. நான் என்னா பண்ணேன், போன நோண்டிக்கிட்டு இருந்தேன். 6, 10, 14 வாரம்னு மூணு ஊசி மடமடன்னு முடிஞ்சிடும், அடுத்தது 9 மாசத்துலதான், நடுவுல அஞ்சு மாசத்துக்கு மேல அந்த முகங்கள பாக்கவே மாட்டீங்க. அதனால மொத ஊசியிலயே வெக்கத்த விட்டு கேட்டுடுங்க. "ராத்திரி ஜுரம் வந்தா ஒருத்தருக்கு ஒருத்தர் மெசேஜ் போட்டுக்கலாமா"ன்னு கேளுங்க, வேணாம்னு யாரும் சொல்ல மாட்டாங்க, அவங்களுக்கும் அதே பயம்தான்.

அங்கன்வாடி பத்தியும் ஒரு தப்பான நெனப்பு இருக்கு, நடக்கற பசங்களுக்குத்தான்னு. 1975-லருந்து நடக்கற திட்டம் அது, கர்ப்பமா இருக்கறவங்களுக்கும், பால் குடுக்கறவங்களுக்கு ஆறு மாசம் வரைக்கும், அப்புறம் குழந்தைக்கும் சத்துமாவு உண்டு. மாவு உங்களுக்குப் பிடிக்கலன்னாலும் பரவால்ல, பேர பதிஞ்சுடுங்க, ஏன்னா எந்த சந்துல எந்த வீட்ல கைக்குழந்த இருக்குன்னு அந்த டீச்சருக்குத் தெரியற மாதிரி வேற யாருக்கும் தெரியாது.

சரி, நான் எங்க போனேன்னா, 200 பேர் இருக்கற ஒரு வாட்ஸ்அப் குரூப்புல போயி விழுந்தேன். அங்க ஒருத்தங்க "எங்க பாப்பா 6 மாசத்துல 9 கிலோ"ன்னு போட்டாங்க, என் பையன் ஆறேமுக்கா, அன்னிக்கு ராத்திரி பூரா அழுதேன். காலைல தாய் சேய் நல அட்டைய எடுத்துப் பாத்தா அவன் எடைக் கோடு பச்சையில ஒழுங்கா மேல ஏறிக்கிட்டுதான் போவுது. அந்த கோடுங்க டபிள்யூ.ஹெச்.ஓ. 2006-ல வெளியிட்ட அளவு, அதுக்கு நம்ம டெல்லி குழந்தைங்களயும் சேத்துதான் அளந்துருக்காங்க, அத விட்டுட்டு முகம் தெரியாத பாப்பாவோட போட்டி போட்டுக்கிட்டு இருந்தேன். அதே குரூப்புல அக்கா அக்கான்னு பாசமா பேசிட்டு பால் பவுடர் டின் விக்கறவங்களும் உண்டு, ரெண்டு வயசுக்குள்ள குழந்தைங்களுக்கான பால் பவுடருக்கு விளம்பரமே பண்ணக்கூடாதுன்னு 1992 சட்டமே இருக்குங்க. பெரிய குரூப்புல தொட்டில் எங்க விக்குதுன்னு கேளுங்க, மருந்து மட்டும் கேக்காதீங்க.

அப்புறம் அக்கம்பக்கத்து பெருசுங்க. "இன்னாம்மா புள்ள அழுதுனே கீது, பால் பத்தலயா?"ன்னு எதிர்வீட்டு ஆயா கேக்கும்போது எனக்கு சுர்ருன்னு ஏறும், கதவ சாத்திடுவேன். இதுவும் தப்பு. சொல்றது எல்லாத்தயும் கேக்க வேணாம், எல்லாத்துக்கும் சண்டையும் வேணாம். வசம்பு வளையல் கட்டினா கட்டிக்கட்டும், எண்ணெய் தேய்ச்சு மேலாப்புல குளிப்பாட்டினா குளிப்பாட்டட்டும். ஆனா ஒரு வயசுக்குள்ள நாக்குல தேன், ஆறு மாசத்துக்குள்ள தண்ணி, மூக்குல எண்ணெய் ஊத்தறது, இதுல மட்டும் பிடிவாதமா நின்னுடணும், "டாக்டர் திட்டுவாரு ஆயா"ன்னு பழிய டாக்டர் மேல போட்டுடுங்க, நல்லா வேலை செய்யும்.

உதவி கேக்கறதுலயும் ஒரு விஷயம் இருக்கு. குழந்தைய பாக்க வர்றவங்களுக்கு தையல் வலியோட டீ போட்டுக் குடுத்துட்டு, அவங்க "எதுனா வேணும்னா சொல்லும்மா"ன்னா "ஒண்ணும் வேணாம்க்கா"ன்னு அனுப்பி வெச்சிருக்கேன். ஒரு நாள் முடியாம போயி அந்த ஆயாகிட்டயே "அரை மணி நேரம் இவன வெச்சுக்கிறியா, தலைக்கு ஊத்திக்கிட்டு வந்துடறேன்"னேன். ஆயா வெத்தலைய துப்பிட்டு வாய கொப்புளிச்சுக்கிட்டு வந்து கைய நீட்டுச்சு. நான் வர்றதுக்குள்ள அவன் ஆயா மடியில தூங்கிட்டான். மொட்டையா ஹெல்ப் வேணும்னா யாருக்கும் புரியாது, எத்தன நிமிஷம், என்னா வேலைன்னு சொல்லணும். ஆம்பளைங்க பத்தி தனியா எழுதணும், அவங்களுக்கும் டீக்கடைல இன்னொரு புது அப்பா கிடைச்சா வீட்ல கொஞ்சம் மாற்றம் தெரியுது, அவ்ளோதான் இப்போதைக்கு.

ஒண்ணு மட்டும் சீரியஸா. பிரசவமானதுக்கு அப்புறம் ரெண்டு வாரம் காரணமே இல்லாம அழுகை வரும், நிறைய பேருக்கு தானா போயிடும். ரெண்டு வாரம் தாண்டியும் போவல, குழந்த மேல ஒட்டுதலே வரல, தூங்க நேரம் கிடைச்சும் தூக்கம் வரல, இருந்து என்னா பிரயோஜனம்னு தோணுதுன்னா, அது ஃப்ரெண்டுகிட்ட பேசினா மட்டும் சரியாவற விஷயம் இல்ல, டாக்டர பாக்கணும். எந்நேரமும் அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர் 14416-க்கு போன் போடலாம், காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க. உங்கள காயப்படுத்திக்கணும், குழந்தைய ஏதாவது பண்ணிடுவோமோன்னு தோணிச்சுன்னா காத்திருக்கவே வேணாம், வீட்ல சொல்லிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க. ஃப்ரெண்ட கூப்பிடுங்க, ஆனா கூட துணைக்கு வர்றதுக்கு.

எனக்கு ஆள் கிடைச்சது 9 மாச ஊசியிலதான். மஞ்ச சுடிதார் போட்டுக்கிட்டு ஒரு பொண்ணு, அதோட குழந்தைக்கு 16 மாச பூஸ்டர். என் வயசு குழந்தைய வெச்சிருக்கற அம்மாதான் வேணும்னு தேடிக்கிட்டு இருந்தேன், அது கூட தப்புன்னு அன்னிக்குதான் புரிஞ்சுது, ஏழு மாசம் முன்னாடி போறவங்களுக்கு நாம மாட்டிக்கிட்டு இருக்கற இடம் இன்னும் மறந்திருக்காது. இப்ப நாங்க நாலு பேரு, ஞாயித்துக்கிழமை சாயந்திரம் ராபின்சன் பார்க்ல உக்காருவோம், 1949-ல தி.மு.க. மொத கூட்டம் போட்ட அதே பார்க்தான், எங்க கூட்டத்துல பாதி நேரம் மலச்சிக்கல் பத்திதான் விவாதம். அந்த பொண்ணோட பேரு ரெண்டு மாசம் கழிச்சுதான் கேட்டேன். போன்ல இன்னும் "மஞ்ச சுடிதார் புதன்"னுதான் இருக்கு.