தூண்டில் நரம்பு முறுக்கிக்கொண்டே இருந்தது, சரிசெய்த கதை

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் கொடுவா மீனுக்குத் தூண்டில் போடப் போனால் நாலாவது ஐந்தாவது வீச்சிலேயே நரம்பு சுருள் சுருளாக முறுக்கிக்கொண்டு ரீலிலிருந்து கொத்தாக வந்து விழும். நரம்புதான் மட்டம் என்று நினைத்து 0.35 மி.மீ. புது நைலான் நரம்பு இரண்டு முறை மாற்றினேன், முள்ளுக்கு மேலே, முறுக்கு ஏறாமல் தானே சுற்றும் சுழலியும் கட்டிப் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை.

அப்புறம்தான் ரீலில் நரம்பைச் சுற்றிவிடும் வளைகம்பியின் ஓரத்தில் இருக்கும் லைன் ரோலரை, அதாவது நரம்பு ஓடும் சின்ன உருளையை, விரலால் உருட்டிப் பார்த்தேன். அசையவே இல்லை. உப்புத் தண்ணீர் உள்ளே காய்ந்து இறுகியிருந்தது. உருளை சுற்றாவிட்டால் நரம்பு அதன்மேல் உரசிக்கொண்டே வரும், முறுக்கும் ஏறும்.

அந்த உருளையைப் பிடித்திருப்பது ஒரே ஒரு திருகுதான். கழற்றும்போது வாஷர்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், இது ரொம்ப முக்கியம். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவைத்து, ரீல் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசுபிசுத்துவிடும்.

ஏற்கெனவே ஏறிய முறுக்கை எடுக்க, முள், ஈயம் எல்லாம் கழற்றிவிட்டு வெறும் நரம்பை வற்றம் (கடல் நீர் வடிவது) இழுக்கும் நேரத்தில் தண்ணீரோடு நீளமாக ஓடவிட்டு, விரலுக்கிடையில் இறுக்கிப் பிடித்தபடி மெதுவாகச் சுற்றினேன்.

இப்போது வீடு வந்ததும் ரீலின் டிராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு இறுக்கமாக வெளியேற வேண்டும் என்று வைக்கும் பிடி) இறுக்கி, நல்ல தண்ணீரை லேசாகத் தெளித்துத் துடைத்து, காய்ந்த பிறகு டிராக்கைத் தளர்த்தி வைக்கிறேன். அதன்பிறகு ஒரு சிக்கலும் விழவில்லை.