ஸ்கூல் கம்ப்யூட்டர்ல பாடத்துக்கான சைட் பிளாக் ஆனா

தடைய சுத்திப் போக வைக்கிற ப்ராக்ஸி சைட் தேடி அலையாதீங்க, பிளாக்னு வர்ற அந்த பக்கத்தையே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, முழு லிங்க்கோட லேப் சார்கிட்ட குடுங்க. சைட்ட அடைக்கிற ஃபில்டர் சாஃப்ட்வேர் ஒவ்வொரு சைட்டையும் படிச்சு பாத்து அடைக்கறதில்ல, பெரும்பாலும் சூதாட்டம், கேம்ஸ், ஆயுதம்னு வகை பிரிச்சு மொத்தமா அடைக்குது, அதுல உலகப்போர் பத்தின வரலாறு பக்கமும் சேந்து மாட்டிக்கும். எந்த வகைன்னு நிறைய ஃபில்டர் அந்த பக்கத்துலயே காட்டிடும், அத பாத்தா அந்த ஒரு அட்ரஸ மட்டும் ஃபில்டர பாத்துக்கற அட்மின் சட்டுனு திறந்து விடலாம். வெறுமனே "சைட் வரல சார்"னு சொன்னா அவரும் என்னதான் பண்ணுவாரு!

கேம்ஸ், சோஷியல் மீடியாவுக்கு இது வேலைக்காகாது, அதெல்லாம் தெரிஞ்சேதான் பூட்டிருக்காங்க. ஃபில்டர் செட்டிங் ஸ்கூலுக்கு வெளிய இருக்கற ஆபீஸ் கையில இருந்தா நாளாகும், அவசரம்னா வீட்லயே பிடிஎஃப்பா சேவ் பண்ணி எடுத்துட்டு போயிடுங்க.