பெங்காலியில் அவனும் அவளும் ஒரே சொல்: தமிழர் பழகும் வழி

பெங்காலி கற்கத் தொடங்கும் தமிழர் முதலில் தேடுவது ‘அவன்’, ‘அவள்’ இரண்டுக்கும் என்ன சொல் என்பதைத்தான். தேட வேண்டாம், இரண்டுக்கும் ‘ஷே’தான். வினையும் மாறாது, ‘ஷே ஆஷ்சே’ என்றால் வருகிறான் என்றும் ஆகும், வருகிறாள் என்றும் ஆகும். நமக்கு இது புதிதும் இல்லை, ‘நான் வந்தேன்’, ‘நீ வந்தாய்’ என்னும்போது ஆணா பெண்ணா என்று நாம் யோசிப்பதே கிடையாது, அந்தப் பழக்கத்தையே படர்க்கைக்கும் நீட்டிக்கொள்ளுங்கள். இந்தி தெரிந்தவர்கள் மட்டும், ‘என்’ என்ற சொல்லே பாலுக்கு ஏற்ப மாறும் ‘மேரா, மேரி’யைக் கொஞ்சம் மறக்க வேண்டும்: ஆமார் தாதா என்றால் என் அண்ணன், ஆமார் திதி என்றால் என் அக்கா, இரண்டுக்கும் ‘ஆமார்’ ஒன்றே.

பால் பார்க்க வேண்டாம், ஆனால் மரியாதை கட்டாயம் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு ‘ஷே’ கூடாது, ‘தினி’. வினையின் கடைசியில் ஒரு ‘ன்’ சேரும்: தினி ஆஷ்சேன். இங்கேதான் நம் காது ஏமாற்றும். ‘ன்’ என்று முடிந்தாலே நமக்கு ‘வருகிறான்’ போல ஆண்பாலாகவும் மரியாதைக் குறைவாகவும் கேட்கும், அங்கே அதுவே மரியாதை, பெண்களுக்கும் அதேதான். மேற்கு வங்கத்தில் பள்ளிக்கூட டீச்சரம்மாவைத் திதிமோனி என்பார்கள். ‘திதிமோனி ஆஷ்சேன்’, அதாவது டீச்சர் வருகிறார். இந்த ஒரு வாக்கியத்தைப் பத்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், காது பழகிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் அடுத்தது. பால் இல்லையே தவிர, நம் உயர்திணை அஃறிணை போன்ற ஒரு பிரிவு அங்கே உயிரோடு இருக்கிறது! பையன்கள் ‘சேலேரா’, பெண்கள் ‘மேயேரா’, ஆனால் புத்தகங்கள் ‘பொய்குலோ’, மாடுகள் ‘கோருகுலோ’. மாடும் புத்தகமும் ஒரே பக்கம், நம் இலக்கணத்தில் இருப்பது போலவே. பேச்சில் மனிதர்களுக்கும் ‘குலோ’ வருவதுண்டு, புத்தகத்துக்கு ‘ரா’ வரவே வராது. எண்ணும்போதும் இதே கதை: மூன்று பேருக்கு ‘தின்ஜோன்’, மூன்று புத்தகத்துக்கு ‘தின்டே பொய்’.

அப்புறம், ஆண் பெண் காட்டும் ஜோடிச் சொற்களும் உண்டு: மாணவன் சாத்ரோ, மாணவி சாத்ரி, புலி பாக், பெண்புலி பாகினி. பெரும்பாலும் சமஸ்கிருதத்திலிருந்து வந்தவை, விதி தேடாமல் சொல்லாகவே மனப்பாடம் செய்யுங்கள். உறவுமுறையில் ஓர் அழகு இருக்கிறது, அத்தை ‘பிஷி’, அவர் கணவர் ‘பிஷே’. பெண்ணின் பெயரிலிருந்துதான் ஆணுக்குப் பெயர்.

‘பொந்து’ என்றால் நண்பர், ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம், பெண் என்று காட்டவே வேண்டுமென்றால் ‘பாந்தோபி’ இருக்கிறது. ‘ஆமார் பொந்து ஆஷ்சே’ என்று ஒருவர் சொன்னால் அவசரப்பட்டு அவன் என்றோ அவள் என்றோ தமிழில் எழுதிவிடாதீர்கள், அடுத்த இரண்டு வாக்கியம் வரை பொறுங்கள். அப்போதும் தெரியவில்லையா, ‘சேலே நா மேயே?’ என்று கேட்டுவிடுங்கள், பையனா பெண்ணா என்று அர்த்தம்.